சம்பந்தப்பட்டவர் விலகி நிற்கவும்

தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களைக் கேட்டால், தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பீர்கள். அதனால்தான் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் உங்களுக்கு இடம் கிடையாது. என்னைக் கேட்டபோது, "தெரியாதுங்க சார்" என்றேன். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

நான் சலூன் வைத்திருப்பவன். ஒவ்வொரு ஊரும் தன் படையைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும், எங்கள் ஊரில் ஒரு தலைவர் முளைத்தார். ஓய்வுபெற்ற பதிவாளர். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தியே காலத்தை ஓட்டியவர். தான் கையெழுத்துப் போடாத வரைக்கும் உலகத்தில் எதுவும் நடக்கவில்லை என்பது அவருடைய நம்பிக்கை. வண்டி வாங்குவதற்கு முன்பே விதிகளை எழுதி முடித்துவிட்டார்.

அதில் அவருக்கு மிகவும் பிடித்த விதி, யாருக்கும் அவரவர் தொழில் சம்பந்தமான வேலையைக் கொடுக்கக் கூடாது என்பது. ஊரில் ஒரு நல்ல குழாய்க்காரர் இருந்தார். அவரை மணி அடிக்கப் போட்டார்கள். லாரி ஓட்டுகிறவர் ஒருவர் ஆசையாக வந்து கேட்டார். "ஓட்டி ஓட்டியே பழகினவன், இங்கேயும் ஓட்டத்தான் பாப்பான்" என்று அனுப்பிவிட்டு, வண்டியைப் பூகோள வாத்தியாரிடம் கொடுத்தார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு எழுதுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பதால் செயலாளர் ஆனார். எனக்குக் கிடைத்தது சாவி. தெருமுனைகளில் தரைக்குள் பதித்த பெரிய தண்ணீர்க் குழாய்களைத் திறக்கிற வால்வு சாவி. என் கை நீளத்துக்கு இருக்கும்.

"பழக்கம்ங்கறது ரொம்ப ஆபத்து" என்று தலைவர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். "பழகினவன் யோசிக்க மாட்டான். சட்டுன்னு செஞ்சு முடிச்சுடுவான். அப்புறம் விதின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

நான் தலையாட்டினேன். சட்டையில் பித்தளைப் பொத்தான் வைத்துக் கொடுத்தால் எதற்கும் தலையாட்டுகிற ஜென்மம் நான். அக்காதான் அந்தச் சட்டையைப் பிடித்துத் தைத்து என் உடம்புக்குச் சரியாக்கினாள். போட்டுக் காட்டியபோது மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரயில்ல டிக்கெட் கேக்கறவன் மாதிரி இருக்கேடா" என்றாள்.

அக்காவும் நானும் மட்டும்தான். அத்தான் போன பிறகு தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். கீழே மெத்தைக் கடை, மேலே எங்கள் வீடு. அக்காவின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். மாடியில் நின்றபடியே காய்கறிக்காரனிடம் பேரம் பேசி, பக்கத்து வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லி, சலூனில் இருக்கிற என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு ஜன்னல் ஓரம் கிடந்த சமயத்தில்தான் அது நடந்தது.

மத்தியானம். ஒருவருக்கு முகம் முழுக்க நுரை தடவி முடித்தேன், மணி அடித்தது. அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மணி கேட்டால் தீ எங்கே என்று பார்க்கக் கூடாது, நேராக நிலையத்துக்கு வர வேண்டும் என்பது விதி. முனையில் திரும்பும்போது எங்கள் தெருப் பக்கம் புகை தெரிந்தது. அந்தப் பக்கம் எத்தனையோ வீடு இருக்கிறது, நம் வீடாக இருக்காது என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

நிலையத்தில் படையின் மொத்த ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். செயலாளர் எழுந்து நின்று படித்தார்.

"இடம், மெத்தைக் கடைக் கட்டடம். கீழ பஞ்சு பத்திக்கிச்சு. மாடியில ஒரு பெண்மணி. கால்ல கட்டு. இறங்க முடியல."

துள்ளி எழுந்தேன். "சார், அது எங்க வீடு சார்! மேல இருக்கறது எங்கக்கா!"

தலைவர் பேனாவை மூடி வைத்தார். "இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"ஏன் சார்?"

"இப்ப நீங்க சம்பந்தப்பட்டவர் ஆயிட்டீங்களே."

செயலாளர் பக்கம் புரட்டாமலேயே ஒப்பித்தார். தன் வீடோ, உறவினர் வீடோ தீப்பற்றினால் அந்த உறுப்பினர் அந்தத் தீயில் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. படைக்குச் சொந்தமான பொருளைத் தொடக் கூடாது.

"காரணத்தைச் சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார் தலைவர். "சொந்தத் தீன்னா ஆளு அவசரப்படுவான். ரெண்டு வாளி கூடவே ஊத்துவான். நாளைக்கு ஊர் என்ன பேசும்? அவன் அக்காங்கறதால ஓடிப்போய் அணைச்சாங்க, மத்தவங்க வீட்டை மெதுவாத்தான் அணைப்பாங்கன்னு பேசும். எல்லாரையும் மெதுவா அணைக்கறதுதான் சார் நியாயம்."

"சார், காலைப் பிடிச்சுக் கெஞ்சிக் கேக்கறேன். மேல ஆள் இருக்கு சார்!"

"பாத்தீங்களா, அவசரப்படறீங்க."

சாவியை என்னிடமிருந்து வாங்கி வேறொருவருக்குக் கொடுக்கத் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் போட ஐந்து பேர் இருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவன் என்பதால் நான் அறையில் இருக்கக் கூடாது. நான் வெளியே போனால் நாலு பேர்தான். நாலு பேர் போட்டால் தீர்மானம் செல்லாது. கடைசியில் செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார். என்னை வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நிற்கச் சொன்னார்கள். உள்ளே இருக்கிற காலை வைத்து வருகை எடுத்துக்கொண்டார்கள். வெளியே இருந்த காலுக்கு நேர் எதிரே, கட்டடங்களுக்கு மேலே, புகை கறுத்துக்கொண்டே போனது.

சாவி வாத்தியாருக்குப் போனது. ஒருவருக்கு ஒரு பொறுப்புதான் என்பதால் வண்டி ஓட்ட ஆள் இல்லாமல் போனது. குழாய்க்காரருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆகவே அவர் ஏகமனதாக ஓட்டுநர் ஆனார். மணியைத் தலைவரே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

நான் வண்டியில் ஏறப் போனேன். படைக்குச் சொந்தமான பொருளைத் தொடாதே என்றார்கள். குழாய்க்காரர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வெளுத்துப்போன முகத்தோடு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, நீ ஓடிடு. இதை நான் எங்க கொண்டுபோய்ச் சொருகப் போறேனோ தெரியல."

ஓடினேன். வண்டிக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அங்கே பார்த்த காட்சியில் எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. எதிர்ச்சாரி மாவுமில்காரர் தெருவையே இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார். தொட்டியிலிருந்து வாளி வாளியாகக் கைமாறி வந்தது. கடை வாசலில் எரிந்த மெத்தைகளைக் கம்பியால் இழுத்து நடுத்தெருவில் போட்டிருந்தார்கள். உள்ளே புகைதான் பெரிதாக இருந்தது, நெருப்பு அடங்கிக்கொண்டு வந்தது. படிக்கட்டு வழி மட்டும் புகையில் அடைத்துப்போயிருந்தது. மில்லிலிருந்து ஒரு ஏணியைக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலில் சாய்த்திருந்தார்கள்.

ஜன்னலில் அக்கா. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கத்தினாள். "ஏண்டா, மணி அடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"நிலையத்துக்குப் போனேன்க்கா!"

"எரியறது இங்கடா! அங்க என்னத்தப் புடுங்கப் போன?"

தெருவே சிரித்தது. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. ஏணியில் கால் வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் படை வந்து சேர்ந்தது. விளக்குக் கம்பத்தில் ஒரு இடி, குப்பைத் தொட்டியில் ஒரு இடி, மில் சுவரில் ஒரு இடி. அதில் வண்டி நின்றது. தலைவர் மணியைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கியை எடுத்தார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. படை வந்தாச்சு. இந்த நிமிஷத்துலேருந்து இந்தத் தீ படையோட பொறுப்பு. எல்லாரும் வாளியைக் கீழ வைங்க. இனிமே ஒரு சொட்டு ஊத்தினாலும் அத்துமீறல்."

மாவுமில்காரர் வாளியோடு ஓடி வந்தார். "சார், இன்னும் கொஞ்சம் ஊத்துனா அணைஞ்சுடும் சார்!"

"நீங்க அணைச்சுட்டா நாங்க எதை அணைக்கறது?" தலைவருக்கு உண்மையிலேயே மனசு புண்பட்டுவிட்டது. "செயலாளரே, இவர் மில்லுக்கு உரிமம் புதுப்பிக்கற கடிதம் நம்மகிட்டதானே வரும்?"

மாவுமில்காரர் வாளியைக் கீழே வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து வரிசையே வைத்தது. நிறைந்த வாளிகளோடு தெரு முழுக்க ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சொல்லி என்ன? பொத்தான் வைத்த சட்டைக்குப் பயந்தவர்களில் முதல் ஆள் நான்தானே. ஏணியையும் எடுக்கச் சொன்னார்கள். அது படை அளந்து பார்க்காத ஏணி.

"அப்போ உங்க ஏணியைப் போடுங்க சார்!" என்று கத்தினேன்.

"ஏணி இருக்கு. ஏறுபவர் பதவிதான் காலி. விண்ணப்பிச்ச எல்லாருக்கும் ஏறத் தெரிஞ்சிருந்துச்சு, என்ன பண்றது?"

உள்ளே அடங்கியிருந்த பஞ்சு மறுபடி பிடித்துக்கொண்டது. மளமளவென்று சத்தம். கடையின் பின்பக்கக் கண்ணாடி வெடித்தது. முனையில் வாத்தியார் மண்டிபோட்டு வால்வில் சாவியை மாட்டி, முழு பலத்தோடு அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க சார்!" என்றேன்.

"சம்பந்தப்பட்டவர் யோசனை சொல்லக் கூடாது."

"அப்ப இவரைச் சொல்லச் சொல்லுங்க!"

"அவர் தொழில்காரர். சொல்லவே கூடாது."

மேலிருந்து அக்கா அலறினாள். "யோவ் வாத்தியாரே! எதிர்ப்பக்கம் திருப்புய்யா! ஊருக்கே திசை சொல்லிக்குடுத்த ஆளுதானே நீ!"

தலைவர் ஒலிபெருக்கியை ஜன்னல் பக்கம் தூக்கினார். "அம்மா, பாதிக்கப்பட்டவங்க மீட்புப் பணியில தலையிடக் கூடாது. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்களை மீட்கணும்னு நீங்க கோரிக்கை வைக்கறீங்களா?"

"பின்ன, மேல உக்காந்து காத்து வாங்கறனா?"

"ஆமாவா, இல்லையா?"

"ஆமாய்யா ஆமா!"

"எழுதிக்குங்க. சுயநினைவோட கோரினார். அம்மா, வேற யாராவது உங்களைக் காப்பாத்திட்டு இருக்காங்களா? ஒரே ஆளை ரெண்டு தரப்பு காப்பாத்தக் கூடாது."

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. இருமி இருமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டேய், அந்த மெஷினை..." என்று ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் ஜன்னல் முழுக்கப் புகை. அவளைக் காணோம். குரலையும் காணோம்.

அக்காவின் குரல் இல்லாத தெருவை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"பதில் வரல" என்றார் செயலாளர். "என்னன்னு எழுதறது?"

சட்டையைக் கழற்றினேன். கழற்றினேன் என்று சொல்வது மரியாதைக்கு, பிய்த்து எறிந்தேன். "நான் படையில இல்ல சார். ராஜினாமா!"

"அடுத்த கூட்டத்துலதான் அதை எடுத்துக்க முடியும்" என்றார் தலைவர்.

மாவுமில்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய், எடுத்த ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து தடாலென்று ஜன்னலில் சாய்த்தார். "லைசென்ஸும் ஆச்சு, மயிரும் ஆச்சு" என்று பல்லைக் கடித்தார். யாரோ ஒரு நிறை வாளியை என் தலையில் கொட்டினார்கள். ஏறினேன். ஜன்னலின் மரச்சட்டத்தைக் கம்பியோடு சேர்த்து உதைத்துத் தள்ளிவிட்டு உள்ளே குதித்தேன். ஒன்றும் தெரியவில்லை. தரையில் தடவிக்கொண்டே போனதில் மாவுக்கட்டு கையில் தட்டுப்பட்டது. அக்கா மெஷினைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள். பிரித்து இழுத்தேன். அந்தக் கட்டுக்காலோடு அவளை எப்படித் தோளில் போட்டேன், எப்படி இறங்கினேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கீழே குழாய்க்காரர் வண்டியிலிருந்து குதித்து வந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்.

மில்லுக்குள்ளே சாக்குகளின் மேல் படுக்க வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். முகமெல்லாம் கரி. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. நான் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "அக்கா, திட்டுக்கா, ஏதாவது திட்டுக்கா" என்று அழுதேன். பிறகு ஒரு பெரிய மூச்சு வந்தது. கண்ணைத் திறந்தாள்.

அதே சமயம் வாத்தியார் தவறிப்போய்ச் சரியான பக்கம் திருப்பிவிட்டார். தண்ணீர் பீறிட்டது. அதில் ஹோஸ் மாட்டுவது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தெரு முழுக்க ஆறாக ஓடியது, எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டு. தலைவர் பூட்ஸ் நனைய நனைய மில்லுக்குள் வந்தார்.

"இவங்களை யார் இறக்கினது?"

"நான்தான் சார்."

"நீங்க இறக்கினது செல்லாது. மாடியில ஒரு பெண்மணி இருக்கறதா தகவல். படை இன்னும் யாரையும் மீட்கல. அப்படின்னா அவங்க மேலதான் இருக்காங்க."

"சார், இதோ உங்க காலடியில படுத்திருக்கா சார்!"

செயலாளர் தணிந்த குரலில் யோசனை சொன்னார். "தலைவரே, அம்மாவை ஒரே ஒரு தடவை மேல கொண்டுபோய் விட்டுட்டா, முறைப்படி இறக்கிடலாம்."

தலைவர் அதைப் பரிசீலிப்பவராக வெளியே எட்டிப் பார்த்தார். அப்போது எங்கள் கூரை உள்ளே இடிந்து விழுந்தது.

"மேலன்னு இப்ப எதுவும் இல்லையே" என்று வருத்தப்பட்டார்.

அறிக்கை வந்தது. படையினர் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்றும், ஒருவரைத் தவிர யாரும் விதியை மீறவில்லை என்றும் போட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். மெஷின் கரிக்கட்டையானது. சலூனுக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு நாங்கள் குடிவந்தோம். கால் கூடிவிடும் என்றார் டாக்டர். குரலைப் பற்றிக் கேட்டபோது, "பார்ப்போம்" என்றார். புகை தொண்டையைத் தின்றுவிட்டது. இப்போது அக்கா பேசினால் காதை வாயருகே கொண்டுபோக வேண்டும்.

ஒருநாள் காலையில் தலைவர் சலூனுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். சவரம் வேண்டுமாம். நல்ல செய்தியும் வைத்திருக்கிறாராம். அக்கா பக்கத்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நுரை தடவி ஒரு கன்னத்தை முடிக்கிற வரைக்கும் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நடந்ததுக்கு மூல காரணம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டோம். உறவு. உறுப்பினருக்கு ஊர்ல உறவுன்னு ஒண்ணு இருக்கறதாலதான் இந்தக் குழப்பமெல்லாம். அதனால விதியைத் திருத்திட்டோம். ஊருக்குள்ள யாரும் இல்லாதவங்கதான் இனிமே படையில. நானே என் சம்சாரத்தை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன்னா பாத்துக்குங்க."

"சரிங்க சார்."

"உங்க ராஜினாமாவை நாங்க ஏத்துக்கல. உங்களை மாதிரி ஒண்ணும் தெரியாத ஆள் கிடைக்கறது கஷ்டம். சாவி திரும்ப உங்களுக்குத்தான். ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, போதும்."

"என்னன்னு சார்?"

"இவங்க உங்க அக்கா இல்லைன்னு."

கத்தி அவர் தாடைக்குக் கீழே இருந்தது. அவர் கண்ணை மூடிக் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தார். அக்கா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"என்ன சொல்றாங்க?" என்றார் தலைவர்.

"தண்ணி கேக்கறா சார்" என்றேன்.

அவள் தண்ணீர் கேட்கவில்லை. "அந்தாளு தொண்டை உன் கையிலதான்டா இருக்கு" என்றாள்.

மறுபடி கத்தியை அவர் கழுத்தில் வைத்தேன். கை நடுங்கியது. இத்தனை வருஷத் தொழிலில் என் கை நடுங்கியதே இல்லை. கத்தியைத் துடைத்து மடக்கி மேசைமேல் வைத்தேன். அவர் கழுத்திலிருந்த துண்டை உருவினேன்.

"என்ன ஆச்சு? பாதிதானே முடிஞ்சிருக்கு!"

"உங்க விஷயத்துல நான் சம்பந்தப்பட்டவன் சார். கத்தியைத் தொடக் கூடாது."

"அப்ப மீதி?"

"கூட்டம் போட்டு வேற ஆளை நியமிச்சுக்குங்க. சவரம் தெரியாத ஆளா பாத்துப் போடுங்க."

ஒரு பக்கம் நுரையோடு அவர் தெருவில் இறங்கிப் போனார். அவர் போன பிறகும் என் கை நடுக்கம் நிற்கவில்லை. அந்த மனுஷன் எழுதியதிலேயே அந்த ஒரு விதியில்தான் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று அப்போதுதான் தோன்றியது.

அக்கா பெஞ்சைத் தட்டித் தட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம்தான் வரவில்லை.